பாஸ்வேர்டு கேக்காத கடை: ரிச்சி தெருவுல லேப்டாப் ரிப்பேர் குடுத்த அனுபவம்

லேப்டாப் சர்வீஸ் கடைக்கு ரிவ்யூ போடறவங்க எல்லாரும் எவ்ளோ வாங்கினாங்க, எப்ப குடுத்தாங்கன்னு தான் போடறாங்க. அத நானும் சொல்றேன், ஆனா கடைசில. எனக்கு முதல் கேள்வி வேற. மெஷின் அவங்க கைல இருந்த நேரத்துல உள்ள இருக்கற டேட்டாவ யாரு தொட்டாங்க, தொடாம இருக்க கடைல என்ன ஏற்பாடு இருக்கு? இந்த கேள்விக்கு முகத்த சுளிக்காம நேரா பதில் சொன்னது சென்னை ரிச்சி தெருவுல ஒரு சின்ன மாடிக்கடை, அத பத்தி தான் இது. கடை பேர போட வேணாம்னு ஓனர் கேட்டுக்கிட்டாரு, மொத்தமே மூணு பேர் வேலை செய்யற இடம், கூட்டம் வந்தா சமாளிக்க முடியாதுன்னாரு, அதனால பேர் போடல.

எனக்கு தொழில் டேக்ஸ் பைலிங். ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன், டிடிஎஸ், சின்ன சின்ன வியாபாரிங்க தான் கிளையன்ட். மளிகைக்கடை, ஹார்டுவேர் கடை, ஒரு லேத் பட்டறை, ரெண்டு மூணு டாக்டருங்க. இவங்க எல்லாரோட பான் கார்டு, ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், பார்ம் 16, வாடகை ஒப்பந்தம், போர்ட்டல் பாஸ்வேர்டு எல்லாம் என் லேப்டாப்ல இருக்கு. இந்த தொழில்ல இருக்கறவங்களுக்கு தெரியும், கிளையன்ட் பேர் வாரியா ஒரு போல்டர், வருஷ வாரியா உள்ள ஒரு போல்டர். யாருக்கு எவ்ளோ கடன், யாரு வீட்டுக்கு தெரியாம எங்க நிலம் வாங்கிருக்காங்க, யாரு யாருக்கு மாசா மாசம் பணம் அனுப்பறாங்க, பேங்க் ஸ்டேட்மென்ட பாத்தா ஒரு குடும்பத்தோட முழு கதையும் தெரிஞ்சிடும். அவங்க அத என்ன நம்பி தான் குடுத்தாங்க, நான் எந்த கடைல மெஷின குடுக்கறேனோ அந்த கடைய நம்பி இல்ல.

மெஷின் செத்துப்போனது 3பின்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன பைல் பண்ற வாரத்துல. சார்ஜர் போட்டா லைட் வரல, பவர் பட்டன் அமுத்தினா ஒண்ணும் இல்ல. வாரண்டி முடிஞ்சிருந்தாலும் முதல்ல கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு தான் போனேன், எந்த கம்பெனின்னு சொல்லல. ஏசி ரூம், டோக்கன், நல்ல சோபா. கவுன்டர்ல இருந்த பொண்ணு ஜாப் ஷீட்ட பில்லப் பண்ணிக்கிட்டே "லாகின் பாஸ்வேர்டு சொல்லுங்க மேடம்"னு கேட்டுச்சு. மெஷின் ஆனே ஆகல, எதுக்கும்மா பாஸ்வேர்டுன்னேன். "ரிப்பேர் ஆனதும் டெஸ்ட் பண்ணணும் மேடம், பாஸ்வேர்டு காலம் காலியா இருந்தா சிஸ்டம் என்ட்ரி எடுக்காது"ன்னுச்சு. அந்த பொண்ணு மேல தப்பில்ல, அதுக்கு சொல்லிக்குடுத்தது அது. ஆனா கொஞ்சம் யோசிங்க, அந்த ஷீட் பிரிண்ட் ஆகி மெஷின் மேலயே ஒட்டி உள்ள போகும், கவுன்டர், ஸ்டோர், டெக்னீஷியன் டேபிள், டெஸ்டிங்னு எத்தன கை மாறுதோ அத்தன பேருக்கும் என் பாஸ்வேர்டு பேப்பர்ல எழுதி தெரியும். கீழ பொடி எழுத்துல "டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி, அதுக்கு நேர கையெழுத்து போடணும். எஸ்எஸ்டிய, அதாவது பைல் எல்லாம் இருக்கற டிஸ்க்க, கழட்டி என்கிட்ட குடுத்துட்டு மெஷின மட்டும் வச்சிக்கோங்கன்னேன், அது ப்ரொசீஜர்ல இல்லன்னுட்டாங்க. "என்ன மேடம், எங்கள நம்பலயா"ன்னு மேனேஜர் ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே கேட்டாரு. மதர்போர்டு மாத்தணும்னா 28 ஆயிரம் ஆகும்னும் சொன்னாரு. மெஷின எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

நம்பலயான்னு அந்த மேனேஜர் கேட்ட கேள்விக்கு பதில் இருக்கு. கனடால குவெல்ப் யூனிவர்சிட்டி ஆளுங்க 2022ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நல்லா இருக்கற லேப்டாப்ல ஆடியோ டிரைவர மட்டும் வேணும்னே ஆப் பண்ணி, சத்தம் வரலன்னு சொல்லி ஒன்டாரியோ பக்கத்து 16 சர்வீஸ் கடைங்கள்ல குடுத்திருக்காங்க. ஏன் ஆடியோன்னா, அத சரி பண்ண யாரோட பைலையும் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. உள்ள நடக்கற ஒவ்வொரு கிளிக்கும் ரெக்கார்டு ஆகற மாதிரி செட் பண்ணிருந்தாங்க, பாதி மெஷின் ஆம்பள பேர்ல, பாதி பொம்பள பேர்ல. ஆறு கடைல டெக்னீஷியனுங்க போட்டோ, டாக்குமென்ட்னு நோண்டிருக்காங்க, அதுல ரெண்டு கடைல வெளிய ஒரு டிரைவ்ல காப்பியே எடுத்திருக்காங்க, பாத்த தடயத்த அழிச்சவங்களும் உண்டு, பொண்ணுங்க மெஷின்ல தான் இந்த நோண்டல் அதிகம். அதே ஆய்வுல பேட்டரி மாத்தணும்னு போனா கூட பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்டு கேட்டிருக்கு. பேட்டரிக்கு என்னங்க பாஸ்வேர்டு? பெரிய செயின் கடைகளும் அந்த ஆய்வுல இருந்துச்சு. அதுக்கும் ரொம்ப முன்னாடி ஹாங்காங்ல ஒரு நடிகர் லேப்டாப்ப ரிப்பேருக்கு குடுக்க, உள்ள இருந்த அந்தரங்க படங்கள் 2008ல ஊரெல்லாம் பரவி பல பொண்ணுங்க வாழ்க்கையே நாசமாச்சு, காப்பி எடுத்த டெக்னீஷியன் 2009ல ஜெயிலுக்கு போனான். ஜெயிலுக்கு போயி என்ன, பரவின படம் திரும்பி வருமா.

அந்த பொடி எழுத்து வரிய பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இத பாத்து நிறைய பேர் கையெழுத்து போட்டாச்சு, இனி ஒண்ணும் கேக்க முடியாதுன்னு நெனச்சிக்கறாங்க. டேட்டாவுக்கு பொறுப்பில்லன்னா, ரிப்பேர் பண்ணும்போது டேட்டா அழிஞ்சு போனா எங்கள கேக்காதீங்கன்னு அவங்க சொல்லிக்கறாங்க, அவ்ளோ தான். நீங்க எங்க பைல பாக்கலாம், காப்பி எடுக்கலாம்னு நம்ம அனுமதி குடுத்ததா அதுக்கு அர்த்தமே கிடையாது. நம்ம பொருள ஒருத்தர்கிட்ட ஒரு வேலைக்காக ஒப்படைக்கறதுக்கு 1872ல வந்த ஒப்பந்த சட்டத்துலயே விதி இருக்கு. 151வது பிரிவு, வாங்கி வச்சவங்க அத, சாதாரண புத்தியுள்ள ஒருத்தர் தன் சொந்த பொருள பாத்துக்கற மாதிரி பாத்துக்கணும்னு சொல்லுது. 154வது பிரிவு, எதுக்காக குடுத்தாங்களோ அதுக்கு மாறா பயன்படுத்தினா வர நஷ்டத்துக்கு அவங்க தான் பொறுப்புன்னு சொல்லுது. ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்ப சட்டம்) 2000, பிரிவு 43, ஓனர் அனுமதி இல்லாம கம்ப்யூட்டருக்குள்ள போறது, டேட்டாவ காப்பி எடுக்கறது ரெண்டுக்கும் நஷ்ட ஈடு கேக்கலாம், அதையே நேர்மையில்லாத எண்ணத்தோட பண்ணா பிரிவு 66ல கிரிமினல் கேஸ், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். வேலைக்காக கைக்கு வந்த தனிப்பட்ட தகவல, நமக்கு கெடுதல் வரும்னு தெரிஞ்சும் வெளிய குடுத்தா 72ஏ. ஒருத்தரோட அந்தரங்க படத்த அனுமதி இல்லாம பரப்பினா 66இ. நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019ல, வாடிக்கையாளர் நம்பி குடுத்த தகவல வேற ஆளுக்கு குடுக்கறத முறையற்ற வணிகம்னே எழுதி வச்சிருக்காங்க. இவ்ளோத்தையும் ஒரு பொடி எழுத்து வரி ரத்து பண்ணிடாது.

சரி, கடைக்கு வரேன். அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கி நடந்தா ரிச்சி தெரு கிட்ட தான். கீழ கேபிள், சார்ஜர், சிசிடிவி கேமரான்னு கடைங்க, "என்ன வேணும் மேடம், என்ன பாக்கறீங்க"ன்னு ரெண்டு பக்கமும் கூப்புடுவாங்க, அத தாண்டி ஒரு குறுகலான படி ஏறணும். மேல ஒரு ரூம், நீளமா ஒரு டேபிள், மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர் ஸ்டேஷன், டிசி பவர் சப்ளை, சுவத்துல டப்பா டப்பாவா செத்த போர்டுங்க. டேபிளுக்கும் கஸ்டமர் நிக்கற இடத்துக்கும் நடுவுல தடுப்பே கிடையாது. ஓனருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், கூட ரெண்டு பசங்க.

நான் வாய தொறக்கறதுக்கு முன்னாடியே மெஷின திருப்பி போட்டு பின்பக்க ஸ்க்ரூவ கழட்டினாரு. பேட்டரி கனெக்டர எடுத்துட்டு, அடுத்ததா எஸ்எஸ்டிய புடிச்சிருந்த அந்த ஒத்த ஸ்க்ரூவ கழட்டி, சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கற அந்த துண்ட உருவி, ஒரு ஆன்டி ஸ்டாட்டிக் கவர்ல போட்டு என் கைல குடுத்துட்டாரு. "இத ஹேன்ட் பேக்ல வச்சிக்கோங்க மேடம், இதுக்கும் எங்க வேலைக்கும் சம்பந்தம் இல்ல." பாஸ்வேர்டு வேணாமான்னு நானே கேட்டேன். "போர்டு வேலைக்கு பாஸ்வேர்டு எதுக்கு? டெஸ்ட் பண்ண எங்க எஸ்எஸ்டி இருக்கு, அதுல எங்க விண்டோஸ் இருக்கு. ஆன் ஆகுதா, சார்ஜ் ஏறுதா, வைபை, கேமரா, சவுண்டு, கீபோர்டு, எல்லாம் அதுல பாத்துடுவோம்"னாரு. ஜாப் கார்டுல மெஷின் சீரியல் நம்பர், ரேம் எத்தன ஜிபி, எஸ்எஸ்டி சீரியல் நம்பர் எழுதி பக்கத்துல "எஸ்எஸ்டி கஸ்டமர் கையில்"னு எழுதி அவரும் கையெழுத்து போட்டு என்னையும் போட சொன்னாரு. அவ்ளோ தான் விஷயம். நிமிஷ நேரம் ஆகல. ஏசி போட்ட இடத்துல ப்ரொசீஜர்ல இல்லன்னு சொன்னது இந்த ஒத்த ஸ்க்ரூ தான்.

ரிப்பேர கண்ணு முன்னாடியே பாத்தேன், அது தான் எனக்கு ரொம்ப புடிச்சுது. பையன் மல்டிமீட்டர வச்சு 19 வோல்ட் லைன்ல ஷார்ட் இருக்குன்னு முதல்லயே சொல்லிட்டான். எந்த இடத்துலன்னு கண்டுபுடிக்க போர்டு மேல ஐபிஏன்ற, சீக்கிரம் காயற ஆல்கஹால் திரவத்த தடவிட்டு பவர் சப்ளைல இருந்து கம்மி வோல்ட்ல கரன்ட் விட்டான். போர்டு பூரா ஈரமா பளபளன்னு இருக்க, சார்ஜிங் ஐசி பக்கத்துல ஒரே ஒரு கெப்பாசிட்டர் மேல மட்டும் ஈரம் சடக்குன்னு காஞ்சுது. ஷார்ட் ஆன பார்ட் தான் சூடாகும், அதனால அங்க தான் முதல்ல காயும். "பாத்தீங்களா அக்கா, இவன் தான்"னு மைக்ரோஸ்கோப்ல காட்டினான், எள்ளு அளவு கூட இல்ல அது. அத எடுத்துட்டு வேற செத்த போர்டுல இருந்து அதே மதிப்புள்ள ஒண்ண எடுத்து வச்சான். போர்டே மாத்தணும்னு 28 ஆயிரம் சொன்ன மெஷின் இது.

வேலை நடக்கும்போது ஓனர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். எஸ்எஸ்டிய கழட்டி குடுக்கற பழக்கம் எப்ப இருந்துன்னு கேட்டதுக்கு, "உங்க டேட்டா என்கிட்ட இருந்தா உங்களுக்கு மட்டும் இல்ல மேடம், எனக்கும் தலைவலி. நாளைக்கு ஒரு போட்டோ எங்கயோ வெளிய வந்துச்சுன்னா முதல்ல என் பசங்கள தான் கேப்பீங்க. அவங்க பண்ணலன்னு நான் எப்புடி ப்ரூவ் பண்ணுவேன்?"னாரு. எனக்கு இது ரொம்ப சரியா பட்டுச்சு. கஸ்டமர் பயத்துக்காக மட்டும் இல்ல, வேலை செய்யற பசங்க மேல வீண் பழி வரக்கூடாதுன்னும் தான் அந்த ஏற்பாடு.

அவர் இன்னொண்ணும் சொன்னாரு, நம்மள்ல நிறைய பேருக்கு தெரியாத விஷயம். டேட்டா ரெகவரி வேலைக்கு வந்தா பைல் திறக்குதான்னு பாத்து தான் ஆகணும், அப்ப குழந்தைங்க சம்பந்தப்பட்ட ஆபாச படம் ஏதாவது கண்ணுல பட்டா அத கஸ்டமர் ரகசியம்னு மூடி வைக்க முடியாது. போக்சோ சட்டம் 19வது பிரிவுல, குற்றம் நடந்தது தெரிஞ்சா யாரா இருந்தாலும் போலீசுக்கு சொல்லணும், சொல்லலன்னா 21வது பிரிவுல தண்டனை இருக்கு. இது சம்பந்தமான முக்கியமான தீர்ப்பு நம்ம சென்னை கேஸ்ல இருந்து தான் வந்துச்சு. அந்த மாதிரி படத்த போன்ல டவுன்லோட் பண்ணி தனியா பாத்தது குற்றம் இல்லன்னு 2024 ஜனவரில ஹைகோர்ட்டு கேஸ ரத்து பண்ணுச்சு, அதே வருஷம் செப்டம்பர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த தீர்ப்ப ரத்து பண்ணி, அழிக்காம, புகார் குடுக்காம வச்சிருக்கறதே போக்சோ 15வது பிரிவுல வரலாம்னு சொல்லிடுச்சு. ஆனா இத சாக்கா வச்சு, நாங்க செக் பண்ண கடமைப்பட்டிருக்கோம்னு யாராவது உங்க கேலரிய திறந்தா விடாதீங்க. கண்ணுல பட்டா சொல்லணும்ன்றது கடமை, தேடிப்பாக்கணும்னு எந்த சட்டமும் சொல்லல.

இப்ப என்ன மாதிரி ஆளுங்களுக்கு. ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், வக்கீல் ஆபீஸ், டியூஷன் சென்டர், அடுத்தவங்க டேட்டாவ வச்சிருக்கற யாரா இருந்தாலும் சேத்து தான் சொல்றேன். கடைக்காரன் பண்ணிட்டான்னு கிளையன்ட்கிட்ட கைய விரிக்க முடியாது. ஐடி சட்டம் 43ஏ, பேங்க் விவரம், பாஸ்வேர்டு, மெடிக்கல் ரெக்கார்டு மாதிரி தகவல வச்சிருக்கற நிறுவனம் அத பாதுகாக்க தவறி ஒருத்தருக்கு நஷ்டம் வந்தா ஈடு குடுக்கணும்னு சொல்லுது, தனி ஆள் நடத்தற தொழிலும் அதுல சேத்தி. இதுக்கு பதிலா வர்றது தான் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம். அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்துடுச்சு, முக்கியமான கடமை எல்லாம் அதுல இருந்து 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசத்துல நடைமுறைக்கு வரும். அதுல நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு பண்ணாம தகவல் வெளிய போனா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கு. சின்ன ஆபீசுக்கு அவ்ளோ போட மாட்டாங்க, தப்போட அளவ பாத்து தான் முடிவு பண்ணுவாங்க. ஆனா லீக் ஆச்சுன்னா சம்பந்தப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் சொல்லணும், தரவு பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்லி 72 மணி நேரத்துல விவரமா ரிப்போர்ட் குடுக்கணும். நினைச்சு பாருங்க, லேத் பட்டறைக்காரர்கிட்ட போன் பண்ணி "அண்ணே, உங்க ஆதாரும் பேங்க் ஸ்டேட்மென்டும் ஒரு சர்வீஸ் கடைல இருந்து வெளிய போயிடுச்சு"ன்னு சொல்ற நிலைமைய. எனக்கு அபராதத்த விட அந்த போன் கால் தான் பெரிய தண்டனை.

லேப்டாப் மொத்தமா செத்துப்போச்சு, உள்ள போயி எதையும் அழிக்க முடியல, இப்ப என்ன பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு, நான் கடைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி போன்லயே முடிச்ச வேலைய சொல்றேன். வாட்ஸ்அப்ல லிங்க்டு டிவைசஸ் போயி அந்த கம்ப்யூட்டர லாக் அவுட் பண்ணிட்டேன். கூகுள் அக்கவுன்ட்ல உங்க டிவைஸ்னு லிஸ்ட் வரும், அதுல அந்த லேப்டாப்ப சைன் அவுட் குடுத்துட்டேன். குரோம்ல சேவ் ஆகிருந்த முக்கியமான பாஸ்வேர்டுங்கள, பேங்க், இன்கம் டாக்ஸ் போர்ட்டல், மெயில் எல்லாம், வேற மெஷின்ல உக்காந்து மாத்திட்டேன். டிஜிட்டல் கையெழுத்து இருக்கற டிஎஸ்சி டோக்கன் பென் டிரைவ் மாதிரி சொருகியே இருக்கும், அத மறக்காம உருவிடணும், அது நம்ம கிளையன்டோட கையெழுத்து.

அப்புறம் பிட்லாக்கர், விண்டோஸ்ல டிஸ்க்க பூட்டி வைக்கற வசதி. விண்டோஸ் 11 போட்ட புது மெஷின் நிறையத்துல டிஸ்க் என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆகிருக்கும், நமக்கே தெரியாது. இது நல்லது தான், எஸ்எஸ்டிய தூக்கி வேற மெஷின்ல போட்டாலும் உள்ள இருக்கறத படிக்க முடியாது. ஆனா மதர்போர்டு மாத்தினாலோ பயாஸ்ல கை வச்சாலோ அடுத்த தடவ ஆன் பண்ணும்போது 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், அது இல்லன்னா நம்ம டேட்டா நமக்கே கிடைக்காது. மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணா அந்த கீ இருக்கும், ரிப்பேருக்கு குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்து எழுதி வீட்டுல வச்சிக்கோங்க. ஜாப் கார்டுல எழுதிடாதீங்க. ஓனர் சொன்னாரு, இந்த கீ தெரியாம அழுதுக்கிட்டு வந்த காலேஜ் பசங்க நிறைய, ப்ராஜெக்ட் எல்லாம் போச்சு, அவராலயும் ஒண்ணும் பண்ண முடியலன்னு.

எல்லா ரிப்பேரும் எஸ்எஸ்டி இல்லாம நடக்காதுன்றதும் உண்மை. விண்டோஸ் கரப்ட், வைரஸ், சாப்ட்வேர் எரர்னா உள்ள போயி தான் ஆகணும். அதுக்கு இந்த கடைல பக்கத்துலயே ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வைக்கறாங்க, பாஸ்வேர்ட நம்மளே டைப் பண்ணணும், நம்ம முன்னாடியே வேலை. விட்டுட்டு போகணும்னா டெஸ்டுன்னு தனியா ஒரு அட்மின் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி குடுக்க சொல்றாங்க. ஆனா அட்மினா இருந்தா மத்த யூசரோட போல்டரையும் திறக்க முடியும், அதனால தனி அக்கவுன்ட் மட்டும் போதும்னு நெனச்சிடாதீங்க, முக்கியமான போல்டர வெளி டிரைவுக்கு மாத்திட்டு குடுக்கறது தான் சரி. புது மேக்புக்ல ஸ்டோரேஜ் போர்டோட போர்டா சால்டர் பண்ணிருப்பாங்க, கழட்ட முடியாது. அதுக்கு மேக்ல டிஸ்க்க பூட்டற பைல்வால்ட் ஆன் பண்ணி, பேக்கப் எடுத்து வச்சிட்டு, பாஸ்வேர்டு குடுக்காம இருக்கறது தான் வழி. போனுக்கு இந்த கவலைக்கு கம்பெனிகளே ஒரு வழி பண்ணிட்டாங்க, சாம்சங்ல மெயின்டெனன்ஸ் மோட், பிக்சல்ல ரிப்பேர் மோட், அத ஆன் பண்ணா நம்ம போட்டோ மெசேஜ் எதுவும் தெரியாது, டெஸ்ட் மட்டும் பண்ணலாம். லேப்டாப்ல விண்டோஸ்ல இப்புடி ஒண்ணு இன்னும் இல்லாதது பெரிய குறை.

எஸ்எஸ்டியே பழுதாகி புதுசு போட்டீங்கன்னா பழசு கைக்கு வரணும், கேட்டு வாங்குங்க. செத்துப்போச்சு எதுக்கு மேடம்னு சொன்னாலும் வாங்குங்க, கம்ப்யூட்டருக்கு செத்தது ரெகவரி பண்றவனுக்கு சாகல. வாரண்டில மாத்தினா பழச கம்பெனி எடுத்துக்கும், அது அவங்க விதி. ஆனா டெல், எச்பி, லெனோவோ மூணுலயும் பழைய டிரைவ நம்மளே வச்சிக்கற மாதிரி தனி வாரண்டி திட்டம் விக்கறாங்க, ஆபீசுக்கு வாங்கறவங்க வாங்கும்போதே அத கேளுங்க.

இப்ப காசு. செக்கிங் சார்ஜ் 300, வேலை முடிஞ்சா அது மொத்தத்துல கழிஞ்சிடும். எனக்கு மொத்தம் 3,500 ஆச்சு. அன்னைக்கே சாயங்காலம் குடுத்துட்டாங்க, எஸ்எஸ்டிய நானே மாட்டினேன், ஆன் பண்ணேன், எல்லாம் இருந்த மாதிரியே இருந்துச்சு, 3பியும் தேதிக்குள்ள போயிடுச்சு. போர்டு வேலைக்கு ஒரு மாச வாரண்டி தான் குடுக்கறாங்க, அது கம்மி, மூணு மாசமாவது குடுக்கலாம். போன் பண்ணா எடுக்கறதே இல்ல. உக்கார ஒரே ஒரு ஸ்டூல், பாத்ரூம் கிடையாது, வயசானவங்களுக்கு அந்த படி கஷ்டம். பில்லு கேட்டா தான் குடுக்கறாங்க. கேட்டு வாங்குங்க, சீரியல் நம்பரோட வாங்குங்க, நாளைக்கு ஏதாவது ஆனா அந்த காகிதம் தான் நம்ம கைல இருக்கற ஆதாரம். பில்லு பின்னாடி "30 நாளில் பெறாவிட்டால் பொறுப்பல்ல"ன்னு ஒரு வரி இங்கயும் இருக்கு. கூலி குடுக்கற வரைக்கும் மெஷின புடிச்சு வைக்க ரிப்பேர் பண்ணவருக்கு ஒப்பந்த சட்டம் 170ல உரிமை இருக்கு, அது நியாயம் தான், ஆனா லேட்டா வந்தாங்கன்றதுக்காக உள்ள இருக்கற டேட்டா அவரோடது ஆயிடாது.

வேற எங்கயாவது குடுத்து ஏதாவது தப்பா நடந்துடுச்சுன்னா, போட்டோ வெளிய வந்துடுச்சு, மிரட்டறாங்க, அக்கவுன்ட்ல இருந்து பணம் போச்சுன்னா, உடனே 1930க்கு போன் பண்ணுங்க, சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் போடலாம், பொண்ணுங்க குழந்தைங்க சம்பந்தப்பட்டதுன்னா பேர் சொல்லாமயே போட வழி இருக்கு. மெஷின பார்மேட் பண்ணிடாதீங்க, எப்ப எந்த பைல் திறந்துச்சுன்றதுக்கான சாட்சி உள்ள தான் இருக்கும். சேவைக்குறைபாடு, ஏமாத்து வேலைன்னா 1915, அதுலயும் சரியாகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், குடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாம நம்மளே வாதாடலாம். பொண்ணுங்க இதுல தயங்கி உள்ளுக்குள்ள வச்சிக்கறது தான் இந்த மாதிரி ஆளுங்களுக்கு தைரியம் குடுக்குது.

இந்த கடைல எனக்கு உண்மையாவே மனசு ஒப்பாத விஷயம் ஒண்ணே ஒண்ணு. ஜாப் கார்ட எழுதிட்டு அதையே ஒரு நீள ரிஜிஸ்டர்லயும் எழுதறாங்க, பேர், போன் நம்பர், மெஷின் மாடல், என்ன கோளாறுன்னு. அந்த ரிஜிஸ்டர் கவுன்டர் மேலயே திறந்து கிடக்கு. நான் நின்ன நேரத்துல எனக்கு முன்னாடி வந்தவங்க அஞ்சாறு பேரோட நம்பர நான் அப்புடியே படிச்சிருக்க முடியும், அதுல ரெண்டு பொண்ணுங்க பேர். எஸ்எஸ்டிக்கு இவ்ளோ பாக்கறீங்களேண்ணா, இதுவும் அவங்க தனிப்பட்ட தகவல் தானேன்னேன். கொஞ்ச நேரம் ரிஜிஸ்டரையே பாத்துட்டு, "இத யாரும் சொன்னதில்ல மேடம்"னு மூடி டிராயர்ல வச்சாரு, தனித்தனி சிலிப்பா கிழிக்கற புக்கு அடிச்சிடறேன்னாரு. வீட்டுல இன்னொரு லேப்டாப்புக்கு ஹிஞ்ச் ஒடஞ்சிருக்கு, அத எடுத்துட்டு போகும்போது அடிச்சாச்சான்னு பாத்துட்டு இங்கயே எழுதறேன்.